வயது இருபத்தாறு

பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நான் நலம். மலையில் குளிர் குறைந்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அண்டா தூக்க ஆள் போட்டார்களா என்று எழுது. சுரங்கப்பாதை வேலையாட்கள் நூற்று நாற்பது பேருக்கும் நீ ஒருத்தியே வடித்துக் கொட்டினால் முழங்கால் மட்டுமல்ல, முதுகும் மிஞ்சாது.

உன் போன கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது. உங்கள் முகாம் வண்டிக்காரர் தபாலைக் காய்கறிக்கு அடியில் வைப்பார் போலிருக்கிறது, உறையில் முள்ளங்கி வாசனை. செல்போன் எடுக்காத மலையாகப் பார்த்து வேலைக்குப் போனவள் நீ ஒருத்திதான்.

இங்கே ஒரு புதுச் சங்கதி. கீழ்வீட்டுத் தையல்காரி என் போனில் ‘நம்ம பொண்ணுங்க’ என்ற குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். எண்பதாயிரம் பெண்களாம். "எது வேணாலும் கேளுங்க ஆன்ட்டி, ஆம்பளைங்க ஒருத்தரும் கிடையாது" என்றாள். முறைப்படி ஓர் அறிமுகக் கடிதம் எழுதினேன். முப்பத்துநான்கு வருடம் காப்பீட்டு அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருந்தவளுக்கு அதுகூட வராதா? முதல் பத்தியில் நலம், இரண்டாம் பத்தியில் நன்றி, மூன்றாம் பத்தியில்தான் விஷயம். எங்கள் பிரிவின் விதி அது. இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

அங்கே ஒன்று கேட்கலாமா என்று யோசிக்கிறேன். என் உடம்பைப் பற்றியதுதான். தெருமுனை டாக்டர் என்னோடு வேலை பார்த்த தட்டச்சுக்காரரின் மகன். அரை டிராயரோடு வந்து என் மேஜையில் பென்சில் சீவியவன். அவனிடம் போய்ச் சொல்கிற விஷயம் இல்லை. உனக்கு எழுதும் அளவுக்கும் பெரிதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வாயாடித் தங்கை வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். அண்டா தூக்க ஆள் கேட்டேன். "நீங்களே ரெண்டு ஆளுக்குச் சமம்கா" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் தட்டில் அன்றைக்கு உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன்.

எண்பதாயிரம் பேர் நடுவில் நீயா! அண்டை வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை பேச மூன்று நாள் யோசிப்பவள் ஆயிற்றே. அந்தப் பிள்ளைகளிடம் ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்றெல்லாம் எழுதித் தொலைத்தாயா? எழுதியிருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு.

உடம்புக்கு என்ன? மூட்டா, வாயுவா? எதுவானாலும் வெந்நீர் ஒத்தடம் கொடு. எனக்கு எல்லா வியாதிக்கும் அது ஒன்றுதான் வைத்தியம்.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மற்றவை அடுத்ததில்.

உன் தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். குழுவில் கேட்டுவிட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

‘அன்பிற்குரிய சகோதரிகளுக்கு, அறுபத்தொரு வயதான ஒரு மூதாட்டியின் பணிவான வணக்கம். தங்கள் அனைவரின் நலமறிய ஆவல்’ என்று தொடங்கினேன். இதில் என்ன தப்பு சொல்? ஒருத்தி, "எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் ஞாபகம் வந்து தானா கையை நீட்டிட்டேன்" என்றாள். இன்னொருத்தி, "யாராச்சும் சுருக்கிச் சொல்லுங்கப்பா, ரெண்டாவது வரியிலயே தூங்கிட்டேன்" என்றாள். சிரிக்கும் முகங்கள் மட்டும் அறுபத்துமூன்று. கடைசிவரை படித்தவள் ஒருத்திதான் போலிருக்கிறது. அவள், "பெரியம்மா, இதை எல்லாம் இங்க எழுதிட்டு உக்காராதீங்க. முதல்ல டாக்டர்கிட்ட போங்க" என்று வெடுக்கென்று போட்டுவிட்டாள். இங்கே உனக்கு இடமில்லை, நடையைக் கட்டு என்பதைத்தானே அப்படிச் சொல்கிறாள்? முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அன்று முழுவதும் போனைத் துணி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

நான் கேட்டதும் பெரிய விஷயம் இல்லை. நின்று பதினொரு வருடமான ஒன்று ஜனவரியிலிருந்து மாதத்தில் இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம்தான். வலி இல்லை. இது வருமா, வந்தால் போகுமா என்று தெரிந்தால் போதும்.

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. குழாய்க்காரர் இதோ வருகிறேன் என்று ஒன்பது நாளாகச் சொல்கிறார். அந்தப் பெண்களின் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் யாரை என்ன செய்தேன்?

உன் அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நீயும் நலம்தானே? உன் கடிதத்தைப் படித்ததும் கரண்டியோடு அங்கே ஓடி வந்து அந்த அறுபத்துமூன்று பேரையும் ஒரு வாங்கு வாங்கலாம் போல வந்தது. அவர்கள் வீட்டில் வயதானவர்களே கிடையாதா? ஹெட்மிஸ்ட்ரஸாம்!

சேமிப்பறையில் கணக்கெழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள், உன் விஷயத்தை அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "அக்கா, அங்க வயசைச் சொன்னா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இருபத்தாறுன்னு போடச் சொல்லுங்க. வணக்கம் கிணக்கம் வேண்டாம். முதல் வரியிலயே அழுதுடணும். அப்புறம் பாருங்க" என்றாள். எனக்கு அது சரியாகவே பட்டது. உன் குரலை யார் கேட்கப்போகிறார்கள், முகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? புதுப் பெயர் ஒன்று வைத்துக்கொள். ‘தங்கள் நலமறிய ஆவல்’ என்று எழுதக் கை துறுதுறுத்தால் அந்தக் கையை மடியில் வைத்துக்கொள். எத்தனை பேர் வந்து விழுகிறார்கள் என்று எனக்கு எழுது. அந்தப் பிள்ளைகள் மூக்கை ஒரு தடவையாவது உடைக்க வேண்டும்.

குழாய்க்காரரை விடாதே. அவர் வீட்டு வாசலில் போய் நில்.

உன் தங்கை


மே 3

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் முழங்கால் நலமா? நீ சொன்னபடி செய்தேன். செய்யும்போது கூச்சமாக இருந்தது. செய்த பிறகு என்னவோ கூச்சம் ஓடிப்போய்விட்டது.

‘மின்மினி’ என்று பெயர். வயது இருபத்தாறு. இப்படி எழுதினேன், படித்துவிட்டுச் சிரிக்காதே: "யாராச்சும் இருக்கீங்களாப்பா. ரொம்ப பயமா இருக்கு. நடுவுல நடுவுல ரத்தம் படுது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல. அழுகையா வருது."

அவ்வளவுதான். ஒரு வணக்கம் இல்லை, நன்றி இல்லை. தேநீர் போட்டு எடுத்து வருவதற்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். "அழாத டி செல்லம்", "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, தானா சரியாயிடுச்சு", "இந்த வயசுல இது சகஜம் டி, ஹார்மோன் பண்ற வேலை", "டென்ஷன் ஆகாத, டென்ஷன் ஆனா இன்னும் ஜாஸ்தியாகும்" என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி. மொத்தம் நூற்றுத் தொண்ணூறு பதில். நானூற்றுப் பன்னிரண்டு இதயம். குழுத் தலைவி, "இதே பயத்துல நிறைய பொண்ணுங்க இருக்கீங்க, எல்லாரும் படிங்க" என்று அதைக் குழுவின் உச்சியில் ஒட்டி வைத்துவிட்டாள்.

முப்பத்துநான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் கடிதம் எழுதியிருப்பேன். ஒன்றுக்காவது யாராவது ‘செல்லம்’ என்று பதில் போட்டதுண்டா? உன் அத்தான் இருந்தபோதுகூட அந்த வார்த்தை நம் வீட்டில் புழங்கியதில்லை. படித்துக்கொண்டே அழுதேன். மனம் லேசாகிவிட்டது. எல்லோருக்கும் வருவதுதான் என்கிறார்கள்.

உன் அக்கா


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சபாஷ்! நானூற்றுப் பன்னிரண்டா! சேமிப்பறைப் பெண்ணிடம் காட்டினேன். "உங்க அக்கா பெரிய ஆளுதான்" என்று வாயைப் பிளந்துவிட்டாள். இருபத்தாறு வயதுக்குப் பொருத்தமாக ஒரு வியாதியையும் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாய் பார், அங்கேதான் நிற்கிறாய் நீ. மூட்டு வலி என்று போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நான் நலம். முழங்கால் மட்டும் மழையைக் கண்டால் என்னோடு பேசுவதில்லை. பாதையில் மண் சரிகிறது, வண்டி இனி எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. என் கடிதம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே. மின்மினி அடுத்து என்ன செய்தாள் என்று விவரமாக எழுது. சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

உன் தங்கை


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஈரத்தில் பாதி எழுத்து கரைந்திருந்தது. எதையும் யோசித்துக் கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் எனக்கு ஏது? ஆனாலும் உன் சபாஷ் நன்றாக இருந்தது.

மின்மினிக்கு இப்போது ஏகப்பட்ட தோழிகள். காலையில் எழுந்ததும், "குட்டி சாப்டியா?" என்று பன்னிரண்டு பேர் கேட்கிறார்கள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க இந்தக் கட்டடத்தில் யார் இருக்கிறார்கள்? ஒருத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லத் தைரியம் சொன்னேன். நான் எழுதினால் கேட்கிறார்கள். அதே புத்திதான், அதே தலைதான். வணக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் நாற்காலி போடுகிறார்கள்.

நான் கொஞ்சம் இளைத்திருக்கிறேன். தையல்காரி என் உடைகளை எல்லாம் பிடித்துத் தைத்துத் தந்தாள். இரண்டு மூன்று நாள் என்பது இப்போது பத்துப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. குழுவில் மறுபடி கேட்டேன். "இரும்புச்சத்து மாத்திரை போடு குட்டி, இந்த வயசுல என்ன வந்துடப்போகுது" என்றார்கள். போடுகிறேன். மாடி ஏறும்போது நடுவில் ஒரு முறை உட்கார வேண்டியிருக்கிறது. மற்றபடி குறையில்லை. மழையில் நனையாதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘கண்டுபிடிக்கிற சாமர்த்தியம் எனக்கு ஏது’ என்ற வரி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குப் போனேன். பெட்டியிலிருந்து உன் மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நின்று பதினொரு வருடமான ஒன்று என்று எழுதியிருக்கிறாய். எழுதித்தான் இருக்கிறாய் அக்கா. நான்தான் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்றபடி படித்தேன், அந்தப் பெண்கள் சிரித்ததைப் படித்ததும் கோபம் தலைக்கேறியது, நடுவில் இருந்ததைத் தாண்டிக் குழாய்க்காரருக்குப் போய்விட்டேன். உன் கடிதத்தை நான் எப்போதும் அப்படித்தான் படிக்கிறேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முகாம் நர்ஸிடம் கேட்டேன். முதல் கேள்வியே, "அவங்களுக்கு என்ன வயசு?" என்பதுதான். அறுபத்தொன்று என்றதும் எழுந்து நின்றுவிட்டாள். "நின்னுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டணும்கா. எட்டு மாசமாவா வீட்ல வச்சிருக்காங்க?" என்றாள். அக்கா, உன் காலில் விழுகிறேன். தட்டச்சுக்காரர் மகன் வேண்டாம், பெண் டாக்டராகப் பார். இதைப் படித்த கையோடு தையல்காரியைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. அந்தக் குழுவை மூடு. இருபத்தாறு வயது என்று சொன்னது நான்தான். அவர்கள் இருபத்தாறு வயதுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

பாதை உடைந்து கிடக்கிறது, முகாம் அலுவலகப் போனும் மழையில் செத்துக் கிடக்கிறது. இந்தக் கடிதம் உன்னிடம் எப்போது வந்து சேருமோ.

தங்கை


அக்டோபர் 6

அன்புத் தங்கைக்கு,

உன் ஆகஸ்ட் கடிதம் செப்டம்பர் முப்பதாம் தேதி கிடைத்தது. அதற்கு ஒன்பது நாள் முன்பே மாடிப்படியில் விழுந்துவிட்டேன். தையல்காரி துணியை எல்லாம் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

உன்னிடம் சுற்றி வளைத்து எழுத விருப்பமில்லை. கருப்பையில் வந்த புற்று. ஈரலுக்கும் போய்விட்டது. அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்கிறார்கள். பெண் டாக்டர்தான், நல்ல மாதிரி. "எப்பம்மா ஆரம்பிச்சது?" என்றார். ஜனவரி என்றேன். "அப்பவே வந்திருந்தா எடுத்துப் போட்டிருக்கலாமே. யார்கிட்டயும் கேக்கலையா?" என்றார். கேட்டேன், நூற்றுத் தொண்ணூறு பேர் ஒன்றுமில்லை என்றார்கள் என்றேன். "அவங்ககிட்ட உங்க வயசைச் சொன்னீங்களா?" என்று கேட்டார். தையல்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

முகாம் அலுவலகத்துக்குப் போன் செய்கிறேன் என்றாள் அவள். வேண்டாம் என்றேன். அந்த மேலாளர் கேட்டு உனக்கு வந்து சொல்கிற விஷயமா இது? இன்னும் மூன்று நான்கு மாதம் இருக்கலாம் என்கிறார்கள்.

நீ உன்னையே அடித்துக்கொள்ளாதே. வயதை மாற்றச் சொன்னது நீ, ஆனால் மாற்றிய பிறகு மாற்றியதை மறந்தவள் நான். அவர்கள் ‘இந்த வயசுல சகஜம்’ என்றபோது எந்த வயதில் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நிம்மதிப்பட்டேன். செல்லம் என்று கூப்பிட்டார்கள், அது போதுமாக இருந்தது.

இப்போது என்னை அரிப்பது வேறொன்று. ஒருத்தி மின்மினிக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். குழுவில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. "உன்கிட்ட மட்டும் சொல்றேன், எனக்கு உண்மையில ஐம்பத்தெட்டு. உனக்கு வந்த மாதிரியே எனக்கும் வருது. உன் பதிவைப் படிச்சுட்டுத்தான் டாக்டர்கிட்ட போகாம இருக்கேன். உனக்கு சரியாயிடுச்சா டி?" என்று கேட்கிறாள். அந்தப் பதிவு ஐந்து மாதமாகக் குழுவின் உச்சியிலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருக்கிறார்களோ? உண்மையை எழுதிவிடப் போகிறேன்.

உன் அக்கா


அக்டோபர் 20

அக்கா,

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் வேறு ஆள் வரும்வரை பத்து நாள் இருக்கச் சொல்கிறார், இருக்க மாட்டேன் என்றேன். மண் சரிந்த இடத்தைத் தாண்டி நடந்தால் அந்தப் பக்கம் வண்டி கிடைக்குமாம். மழை ஒரு நாள் விட்டால் போதும், முழங்கால் போனாலும் போகட்டும் என்று கிளம்பிவிடுவேன்.

நலமா என்று எழுத வந்து பேனா நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளைத் திட்டினேனே, உன்னை அவர்களும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. நான் வரும்வரை இரு அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

தங்கை


நவம்பர் 4

அன்புத் தங்கைக்கு,

நீ கிளம்பிவிட்டாயானால் இது உன் கைக்கு வராது. வராவிட்டால் நல்லது. இன்று வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

குழுவில் உண்மையை எழுதினேன். இந்த முறை விஷயத்தை முதல் வரியிலேயே வைத்தேன். ‘மின்மினி என்ற பெயரில் உங்களோடு பழகிய எனக்கு வயது அறுபத்தொன்று. எனக்குப் புற்றுநோய். மேலே இருக்கும் என் பதிவை நம்பி யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஒரு துளி பட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். உங்களை ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.’ மின்மினியின் பேச்சில் எழுதத்தான் முதலில் பார்த்தேன். ‘எனக்கு கேன்சர் டி’ என்று எழுதிப் பார்த்தேன். சாகப் போகிற விஷயத்தை அந்தக் குரலில் சொல்ல எனக்கு வரவில்லை, அழித்துவிட்டேன்.

ஒருத்தியும் நம்பவில்லை. "யாரு இது? எங்க குட்டி இப்படியா எழுதுவா?" என்றார்கள். "அவ போனை யாரோ பிடுங்கி வச்சிருக்காங்க", "நிச்சயமா மாமியார்தான், எழுதுற தோரணையைப் பாரு", "ஏ கிழவி, எங்க பொண்ணை என்ன பண்ணின?" என்று நூற்றுக்கணக்கில் வந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கும் தனியாக எழுதினேன், கெஞ்சினேன். "நீ யாரு? மின்மினி எங்க?" என்று ஒரே வரி போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். குழுத் தலைவி என் பதிவை அழித்துவிட்டு, மின்மினியின் பாதுகாப்புக்காக அவள் கணக்கைப் பூட்டிவிட்டாள். அவளுக்காக முந்நூறு பேர் பிரார்த்தனை செய்கிறார்கள். என் சொந்தப் பெயரில் போய்ச் சொன்னேன். "ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துட்டாங்க" என்று சிரித்தார்கள், நீக்கிவிட்டார்கள். தையல்காரி தன் பெயரில் எழுதினாள். "பொண்ணுங்களை பயமுறுத்தாத" என்று அவளையும் நீக்கிவிட்டார்கள்.

பூட்டிய மின்மினி கணக்கில் இன்னும் படிக்க முடிகிறது, எழுதத்தான் முடியாது. அழுகையா வருது என்று எழுதினேனே, அது மட்டும் உச்சியில் அப்படியே இருக்கிறது. காணாமல் போன பெண்ணின் நினைவாக வைத்திருக்கிறார்களாம். இதயம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இன்று காலை அதற்குக் கீழே யாரோ புதிதாக ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "எனக்கும் இதேதான். ரெண்டு மாசமா பயந்து செத்துட்டு இருந்தேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போறதா இருந்துச்சு. இதைப் படிச்சதும்தான் உயிர் வந்துச்சு. இனி போகல." 

வயதைப் போடவில்லை.

உன் அக்கா